வரவு குறையும் காலத்தில் பார்வையற்றோர் தொண்டு நிறுவனம்: கேள்வி பதில்

பொருளாதார மந்தம் வந்தால் பார்வையற்றோருக்காக உழைக்கும் நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நன்கொடை குறையும். அதே மாதங்களில் வேலை போன பார்வையற்றவர்கள், கண் சொட்டு மருந்து வாங்குவதைத் தள்ளிப்போட்டுப் பார்வை இன்னும் மங்கியவர்கள், துணைக்கு இருந்த உறவினர் வேலை தேடிப் போய்விட்டதால் வீட்டோடு முடங்கியவர்கள் என்று உதவி கேட்டு வருவோர் கூடுவார்கள். இந்த நெருக்கடியில் இருக்கும் பொருளாளர்கள், அறங்காவலர்கள், பயிற்சியாளர்கள், தன்னார்வலர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், சட்டம் குறுக்கிடும் இடங்களில் உங்கள் தணிக்கையாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பொருளாளர். மாதச் சந்தா கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக நிறுத்துகிறார்கள். ஆண்டு பட்ஜெட்டைத் திருத்தி எழுதுவதா, வேறு எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஆண்டு பட்ஜெட்டை ஓரமாக வையுங்கள். முதலில் 13 வாரப் பணவரத்துத் தாள் ஒன்று போடுங்கள். ஒரு காலாண்டுக்கு 13 வாரம். வாரத்துக்கு ஒரு பத்தி (மேலிருந்து கீழே போகும் கட்ட வரிசை). மேலே தொடக்க இருப்பு, அடுத்து வரவு, அடுத்து செலவு, கடைசியில் முடிவு இருப்பு.

வரவை மூன்றாகப் பிரியுங்கள்: கையெழுத்தாகித் தேதியும் தெரிந்தது, அநேகமாக வரும் என்பது, வந்தால் நல்லது என்பது. கணக்கில் முதல் வகையை மட்டும் சேருங்கள். மற்ற இரண்டும் தாளின் அடியில் தனியாக நிற்கட்டும்.

பார்க்க வேண்டியது கடைசி வாரத்து இருப்பை அல்ல, நடுவில் வரும் மிகத் தாழ்ந்த இருப்பை. கையில் 40 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் சம்பளம் 22 போனால் மிச்சம் 18. ஐந்தாம் வாரம் கட்டடக் காப்பீடு 9, மிச்சம் 9. ஆறாம் வாரம் மறுபடி சம்பளம் 22 என்றால் 13 பற்றாக்குறை. எட்டாம் வாரம் மானியம் 60 வருகிறது, பத்தாம் வாரம் சம்பளம் போக 25 நிற்கிறது. காலாண்டின் முடிவை மட்டும் பார்த்தவருக்கு 25 கையில் இருப்பதாகத் தெரியும். ஆறாம் வாரம் சம்பளம் போட முடியாமல் நின்றிருப்பார். இந்தப் பள்ளம் ஆறு வாரம் முன்பே தெரிந்தால் மானியம் தருபவரிடம் முதல் தவணையை முன்கூட்டிக் கேட்கலாம், காப்பீட்டைத் தவணையாக மாற்றலாம். அந்த வாரமே தெரிந்தால் கடன் வாங்குவதைத் தவிர வழி இல்லை.

இந்தத் தாளில் வழக்கமாக விழும் பிழைகள் மூன்று. மானியத்தை ஒப்பந்தத் தேதியில் எழுதுவது (பணம் வருவது பெரும்பாலும் அறிக்கை கொடுத்த பிறகு). ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளை, அதாவது தணிக்கைக் கட்டணம், மென்பொருள் சந்தா, வண்டிக் காப்பீடு, லிஃப்ட் பராமரிப்பு ஆகியவற்றை மறப்பது. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியையும் சேமநிதியையும் கையிருப்பாக எண்ணுவது. கடைசியில் சொன்னது உங்கள் பணமே இல்லை. அதைத் தொட்டால் அறங்காவலர்களே பதில் சொல்ல வேண்டி வரும். தாளை வாரம் ஒருமுறை, அதே நாளில், உண்மை எண்களை வைத்துத் திருத்துங்கள். ஒருமுறை போட்டு மூடி வைத்த தாள் பயன்படாது.

கேள்வி: பிரெயில் பாடநூல்களுக்கென்று வந்த பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு அதை எடுத்துவிட்டுப் பிறகு திருப்பி வைத்தால் என்ன தவறு?

பதில்: செய்யாதீர்கள். ஒரு நோக்கத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறு நோக்கத்துக்குச் செலவிடுவது நம்பிக்கை மோசடியாகக் கருதப்படும். திருப்பி வைக்கும் எண்ணம் இருந்தது என்பது காப்பாற்றாது. மந்த காலத்தில் திருப்பி வைக்க வேண்டிய வரவும் வராமல் போகும். அப்போது பாடநூலும் இல்லை, பணமும் இல்லை, அடுத்த மானியமும் இல்லை.

நேரான வழி கேட்பதுதான். கொடுத்தவருக்கு ஒரு பக்கக் கடிதம்: இதுவரை என்ன செலவானது, என்ன மீதி, எந்தப் பகுதியை எதற்கு மாற்ற அனுமதி வேண்டும், மாற்றாவிட்டால் என்ன நின்றுபோகும். எழுத்தில் பதில் வந்த பிறகே பணத்தைத் தொடுங்கள். நெருக்கடி காலத்தில் பல நிறுவனங்கள் இப்படி மாற்றித் தரும். ஆனால் செலவழித்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த மானிய விண்ணப்பத்தில் ஒரு புத்தகத்தின் முழுச் செலவைக் கேட்டீர்களா? பெரும்பாலும் தாள், பைண்டிங், தபால் மட்டும் போட்டிருப்பீர்கள். அது 40 என்று கொள்வோம். கணினியில் பிரெயிலாக மாற்றுபவரின் நேரம் 30, மெய்ப்புப் பார்ப்பவரின் நேரம் 20, இயந்திரப் பராமரிப்பு 6, வாடகையிலும் மின்சாரத்திலும் கணக்கெழுதுவதிலும் இந்த வேலையின் பங்கு 14. ஆக மொத்தம் 110. நீங்கள் 40 வாங்கி 110 செலவழிக்கிறீர்கள். மீதி 70 பொது நிதியிலிருந்து சத்தமில்லாமல் போகிறது. புத்தகம் கூடக் கூட நஷ்டமும் கூடும். நல்ல காலத்தில் சில்லறை நன்கொடை இந்த ஓட்டையை மூடிக்கொண்டிருந்திருக்கும், அதனால் கண்ணில் பட்டிருக்காது. அடுத்த விண்ணப்பத்தில் 110ஐயும் உடைத்துக் காட்டிக் கேளுங்கள். நிர்வாகச் செலவு என்று தனி வரியாகப் போட்டால் வெட்டுவார்கள். மெய்ப்புப் பார்ப்பவர் இத்தனை மணி நேரம் என்று வேலையோடு சேர்த்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: எங்கள் கட்டடமே பெரிய சொத்து. சேமிப்பு நிதி போதுமான அளவு இருப்பதாகத் தலைவர் சொல்கிறார்.

பதில்: கட்டடத்தை வைத்துச் சம்பளம் போட முடியாது. சேமிப்பு நிதி என்பது எந்த நிபந்தனையும் இல்லாமல், சில நாட்களில் பணமாக்கக்கூடிய தொகை மட்டுமே. மொத்த நிதியிலிருந்து நோக்கத்தோடு வந்த பணத்தையும், கட்டடம், வண்டி, இயந்திரத்தின் மதிப்பையும் கழியுங்கள். மிஞ்சுவதை மாதச் செலவால் வகுங்கள். மூன்று முதல் ஆறு மாதம் வந்தால் பரவாயில்லை என்பார்கள். ஒன்றரை மாதம் வந்தால் தலைவரிடம் அந்த எண்ணைக் காட்டுங்கள்.

கேள்வி: குழுவில் பெரிய வாக்குவாதம். புதிதாகப் பார்வை இழந்தவர்களுக்கான தொலைபேசி ஆலோசனைக்கு அழைப்புகள் குறைவு. ஆண்டு விழாவுக்கு நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். எண்ணிக்கை குறைவான சேவையை நிறுத்துவதுதானே நியாயம்?

பதில்: எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறான இடத்தில் வெட்டுவீர்கள். ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆறு மாதம் நின்றால் அதை நம்பி இருப்பவருக்கு என்ன ஆகும்? நிறுத்திய பிறகு மறுபடி தொடங்க எவ்வளவு காலம் ஆகும்?

ஆண்டு விழாவை ஓர் ஆண்டு விட்டால் வருத்தம் இருக்கும், சேதம் இருக்காது. அடுத்த ஆண்டு ஒரே மாதத்தில் ஏற்பாடு செய்துவிடலாம். புதிதாகப் பார்வை இழந்தவரின் நிலை வேறு. கண் நீரழுத்த நோயாலோ (கிளாக்கோமா) சர்க்கரை நோயாலோ பார்வை போனவருக்கு, மருத்துவமனை இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொன்ன அடுத்த சில வாரங்களே கடினமானவை. வேலையை விட்டுவிடலாமா, அடுப்பைத் தொடலாமா, தனியாகக் குளியலறைக்குப் போகலாமா என்ற முடிவுகள் அப்போதுதான் எடுக்கப்படுகின்றன. பார்வை போனவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்களும் கோலங்களும் கண்முன் தோன்றும். சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று அதற்குப் பெயர். மூளைக்குக் கண்ணிலிருந்து வரும் செய்தி குறைவதால் வருவது அது, மனநோய் அல்ல. இதைச் சொல்லக்கூடிய ஒரு குரல் கிடைக்காததால், பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்து வீட்டிலும் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. மாதம் பத்து அழைப்பு வந்தாலும் அந்தச் சேவை நிற்கக்கூடாது. செலவைக் குறைக்க வேண்டுமானால் நேரத்தைக் குறையுங்கள்: நாள் முழுவதும் என்பதை இரண்டு மணி நேரமாக்கி, மற்ற நேரத்தில் பதிவுக் குரல் வைத்து, மறுநாளுக்குள் திருப்பி அழைப்பதை உறுதி செய்யுங்கள்.

வெள்ளைக்கோல் நடமாட்டப் பயிற்சியும் இதே வகைதான். பாதியில் நிறுத்துவது தொடங்காமல் இருப்பதைவிட ஆபத்து. நடைபாதையில் நேராகப் போகக் கற்றவர், சாலையைக் கடக்கக் கற்காத நிலையில் பயிற்சி நின்றுபோனால், துணிச்சல் மட்டும் இருக்கும், திறன் இருக்காது. ஆகவே ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு முழுப் பயிற்சியையும் முடித்துக்கொடுங்கள். புதிய சேர்க்கையை மட்டும் நிறுத்தி, பெயரும் தேதியும் எழுதிய காத்திருப்புப் பட்டியல் வையுங்கள். நடமாட்டப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஒருவரை எளிதில் பிடிக்க முடியாது. நிறுத்தினால் ஒரு மாதத்தில் மீட்கக்கூடியதை முதலில் வெட்டுங்கள். ஆளை உருவாக்க ஆண்டுகள் ஆகும் வேலையைக் கடைசிவரை வைத்திருங்கள்.

வாரக் கூட்டங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வயதானவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல, வாரத்தில் வீட்டை விட்டு வெளியே வரும் ஒரே நாள் அதுவாக இருக்கலாம். வாடகை மண்டபத்தை விடுங்கள், கூட்டத்தை விடாதீர்கள். இலவசமாக இடம் கிடைக்கவில்லை என்றால் தொலைபேசிக் குழு நடத்தலாம்: ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு நெறியாளர், 45 நிமிடம், பேசுபவர் ஒவ்வொரு முறையும் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். பத்துப் பேரைத் தாண்டினால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் பாதிப்பேர் மௌனமாகிவிடுவார்கள்.

கேள்வி: பிரெயில் அச்சகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் சார். தாள் விலை தாங்கவில்லை. மெல்லிய தாளுக்கு மாறலாமா? பேசாமல் எல்லாவற்றையும் ஒலிநூலாக்கிவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: மெல்லிய தாளில் கை வைக்காதீர்கள். பிரெயிலுக்கு ஏறக்குறைய 120 முதல் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் வேண்டும். சாதாரண 70, 80 ஜிஎஸ்எம் தாளில் குத்தினால் புள்ளி கிழியும், அல்லது நான்கைந்து முறை விரல் ஓடியதும் அமுங்கிவிடும். புள்ளி அமுங்கினால் ஒரு எழுத்து வேறு எழுத்தாகும். ஆறு புள்ளிகளில் ஒன்று மறைந்தாலும் பொருள் மாறும், கணக்குப் புத்தகத்தில் விடையே மாறும். ஈரக்காற்றில் வைத்த தாளிலும் இதே சிக்கல் வரும். தாளைத் தரையிலிருந்து உயர்த்தி, கட்டுப் பிரிக்காமல், படுக்கவைத்துச் சேமியுங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் தாளின் கனம் அல்ல, தாளின் எண்ணிக்கை. ஒரு பெரிய பிரெயில் பக்கத்தில் 25 வரி, வரிக்கு 40 கட்டம் (ஆறு புள்ளிகளுக்கான இடம் ஒரு கட்டம்) என்றால் ஆயிரம் கட்டம்தான். ஓர் அச்சுப் பக்கம் இரண்டு மூன்று பிரெயில் பக்கமாக விரிவது இதனால்தான். உங்கள் இயந்திரம் இருபுறமும் குத்தக்கூடியதாக இருந்தும் ஒருபுறமே குத்திக்கொண்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தாள் கிட்டத்தட்டப் பாதியாகும். பின்பக்கப் புள்ளி முன்பக்கப் புள்ளியின் மேல் விழாமல் இருக்கிறதா என்று ஒரு பக்கத்தை விரல்பழகிய வாசகரிடம் கொடுத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்துச் சரி சொல்லும் வேலை இது அல்ல. அடுத்து, ஐம்பது பிரதி அடித்து அலமாரியில் அடுக்குவதை விடுங்கள். கோப்பை வைத்துக்கொண்டு, கேட்டவருக்குக் கேட்ட பாடத்தை மட்டும் அடித்துக் கொடுங்கள்.

ஒலிநூலுக்கு முழுதாக மாறுவது பற்றி: கதை, செய்தி, அறிவிப்பு இவற்றுக்கு ஒலி போதும். எழுத்து கற்கும் குழந்தைக்கும், கணக்கு, அறிவியல் சமன்பாடு, இசைக்குறிப்பு படிப்பவருக்கும், காதும் கேளாத பார்வையற்றவருக்கும் ஒலி ஈடாகாது. குழந்தை காதால் மட்டும் கற்றால் எழுத்துக்கூட்டல் தெரியாமலே வளரும். மந்தத்தைக் காரணம் காட்டிக் குழந்தைகளின் பிரெயிலை வெட்டினால் அந்த ஆண்டுகளைப் பிறகு திருப்பித் தர முடியாது.

ஒரே புத்தகத்தை இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகத் தட்டச்சு செய்யும் வீண்செலவையும் பாருங்கள். 2013இல் ஏற்கப்பட்டு 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, பார்வையற்றோர் படிக்கும் வடிவக் கோப்புகளைப் பதிப்புரிமைதாரரின் தனி அனுமதி இல்லாமலே உருவாக்கவும், நாடு தாண்டிப் பகிரவும் வழி செய்கிறது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருந்து, உங்கள் நிறுவனம் அங்கீகாரம் பெற்ற அமைப்பாக இருந்தால், முதலில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் மட்டும் தயாரியுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் ஆறு பேர் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஜாஸ் என்ற அந்த மென்பொருளுக்குக் கட்டும் ஆண்டுச் சந்தாவை நிறுத்திவிட்டு என்விடிஏ போட்டுவிடலாமா?

பதில்: போடலாம், ஆனால் ஒரே நாளில் எல்லாருக்கும் அல்ல. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ இலவசம். விண்டோஸில் உலாவி, மின்னஞ்சல், வேர்ட், எக்செல் வேலைகளுக்குப் போதுமானது. இடறும் இடம் வேறு: உங்கள் கணக்கு மென்பொருளுக்கோ நன்கொடையாளர் பதிவேட்டுக்கோ யாராவது ஜாஸில் தனி ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தால், அது என்விடிஏவில் ஓடாது. ஒவ்வொருவரும் தினம் செய்யும் பத்து வேலைகளை எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம் இரண்டு மென்பொருளும் இருக்கட்டும். பத்தும் புதியதில் முடிந்தவருக்கு மாற்றுங்கள், முடியாதவருக்குச் சந்தாவைத் தொடருங்கள். அதோடு, நீங்கள் வாங்கியது நிரந்தர உரிமமா, ஆண்டுச் சந்தாவா என்று பாருங்கள். நிரந்தர உரிமமாக இருந்தால் புதுப்பிப்பை நிறுத்தினாலும் இருக்கும் பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும்.

உறுப்பினர்களுக்குத் தனிக்கருவி வாங்கித் தரும் திட்டம் இருந்தால், அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசியைப் பாருங்கள். திரையை வாசித்துச் சொல்லும் வசதி, ஆண்ட்ராய்டில் டாக்பேக்காகவும் ஐபோனில் வாய்ஸ்ஓவராகவும் உள்ளேயே இருக்கிறது. தேவை கருவி அல்ல, பயிற்சி.

கேள்வி: நான் கல்லூரி மாணவன், தன்னார்வலராக வருகிறேன். சம்பள ஆட்களுக்குப் பதிலாக எங்களைப் போன்றவர்களை வைத்தால் செலவு மிச்சமாகுமே ஐயா?

பதில்: உங்கள் மனசு பெரிது தம்பி. நீங்கள் செய்யக்கூடியது நிறைய: ஸ்கேன் செய்த பக்கத்தைத் திருத்துவது, தேர்வு எழுதுபவருக்கு எழுதிக்கொடுப்பது, தபால் வாசித்துக்காட்டுவது, வாரம் ஒருமுறை தனியாக இருப்பவர்களை அழைத்துப் பேசுவது. ஆனால் சாலை கடக்கக் கற்றுக்கொடுப்பதும் மனநல ஆலோசனையும் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டியவை. பிழை நேர்ந்தால் உயிர் போகும்.

தன்னார்வலருக்கும் செலவு உண்டு. பின்னணிச் சரிபார்ப்பு, பயணச் செலவு, மேற்பார்வை, முதல் நாள் பயிற்சி எல்லாம் வேண்டும். வழித்துணையாகப் போகும்போது நீங்கள் அவர் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள, நீங்கள் அரைக் காலடி முன்னால் நடக்க வேண்டும். படி வந்தால் ஏறுவதா இறங்குவதா என்று நின்று சொல்ல வேண்டும். இதைக் கூடச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் நாற்பது தன்னார்வலர்களைச் சேர்த்தால் மூன்றாம் மாதம் நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள்.

கேள்வி: நானே பார்வையற்றவன், அறங்காவலராகவும் இருக்கிறேன். கணக்கு எப்போதும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவே வருகிறது. கூட்டத்தில் யாரோ வாசிக்கக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். நெருக்கடி நேரத்தில் இதைக் கேட்பது சிறுபிள்ளைத்தனமா?

பதில்: இல்லவே இல்லை. கணக்கைப் படிக்காமல் கையெழுத்திட்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான். படிக்கும் வடிவில் கேட்பது உங்கள் உரிமை, கொடுப்பது அவர்கள் கடமை. செலவே இல்லாத வேலை இது. பொருளாளரிடம் இவற்றைக் கேளுங்கள்:

எக்செல் கோப்பாகவே வரட்டும். இணைத்த கட்டங்கள் வேண்டாம். ஸ்க்ரீன் ரீடர் எந்தப் பத்தியில் நிற்கிறது என்று குழம்பும். முதல் வரியில் தலைப்பு, முதல் பத்தியில் செலவின் பெயர், நடுவில் வெற்று வரி இல்லாமல். பற்றாக்குறையைச் சிவப்பு நிறத்தாலோ அடைப்புக்குறியாலோ காட்டக்கூடாது. நிறத்தைக் கருவி தானாகச் சொல்லாது, அடைப்புக்குறியை அமைப்பைப் பொறுத்து விட்டுவிடும். அப்போது 13 பற்றாக்குறை உங்களுக்கு 13 உபரியாகக் கேட்கும். கழித்தல் குறி போட்டு, அருகில் ‘பற்றாக்குறை’ என்று எழுதச் சொல்லுங்கள். கழித்தல் குறி உங்கள் கருவியில் ஒலிக்கிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள். வரைபடம் இருந்தால் அது என்ன சொல்கிறது என்று இரண்டு வாக்கியம். எல்லாம் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு.

கேள்வி: வெள்ளைக்கோலுக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் கட்டணம் வாங்கினால் என்ன?

பதில்: கோலுக்கு வேண்டாம். காசில்லாதவர் தேய்ந்த கோலோடு, அல்லது கோலே இல்லாமல் வெளியே போவார். வாங்கும் செலவைக் குறைக்கப் பழுதுபார்க்கும் மேசை ஒன்று போடுங்கள். மடக்குக் கோலில் முதலில் போவது நுனியும், உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறும்தான். இரண்டையும் மாற்றினால் பெரும்பாலான கோல் திரும்ப நடக்கும். குழாய் வளைந்திருந்தாலோ இணைப்பு ஆடினாலோ மட்டும் தூக்கிப்போடுங்கள். கொடுக்கும்போது உயரம் பாருங்கள்: நேராக நிறுத்தினால் மார்பெலும்புவரை வருவது பொதுவான அளவு, வேகமாக நடப்பவருக்கு இன்னும் நீளம் வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவில் மொத்தமாக வாங்குவது மிச்சம் போலத் தெரிந்தாலும், குட்டையான கோல் தடையைத் தாமதமாகச் சொல்லும், மோதிக்கொள்வார்கள்.

கண்ணாடியை இரவல் முறையில் கொடுங்கள். வாங்கிப்போன பல கண்ணாடிகள் பெட்டிக்குள் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, சொல்லிக்கொடுக்காத தூரம். 100ஐக் கண்ணாடியின் திறன் அளவான டயாப்டரால் வகுத்தால் சென்டிமீட்டரில் தூரம் வரும்: 20 டயாப்டர் கண்ணாடியை எழுத்திலிருந்து 5 சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டும். கை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது, உதவவில்லை என்று வைத்துவிடுவார்கள். நான்கு வார இரவல், நடுவில் ஒரு தொலைபேசி விசாரிப்பு, வேண்டாதவர் திருப்பித் தருவது. இப்படிச் சுழன்றால் புதிதாக வாங்க வேண்டியது வெகுவாகக் குறையும்.

கேள்வி: பெரிய நன்கொடையாளர்கள் கண்புரை அறுவைச் சிகிச்சை முகாமுக்குத்தான் தருவோம் என்கிறார்கள். எங்கள் மறுவாழ்வுப் பயிற்சிக்கு எப்படிக் கேட்பது?

பதில்: கண்புரைக்குக் கொடுப்பது நல்ல காரியம், அதைக் குறை சொல்லித் தொடங்காதீர்கள். உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு, அதில் குறைந்தது 100 கோடி பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாதது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால் கண் நீரழுத்தத்தால் நரம்பு கெட்டவருக்கு எந்த அறுவையும் பார்வையைத் திருப்பித் தராது. அவருக்கு வேண்டியது பார்வை இல்லாமல் வாழும் திறன். இதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு அறுவைக்கு இருப்பது போன்ற தெளிவான அலகைக் கொடுங்கள்: ஒருவர் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை தனியாகப் போகக் கற்க உங்கள் பயிற்சியாளருக்கு எத்தனை மணி, அதன் முழுச் செலவு எவ்வளவு, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் தனியாகப் போகிறார்கள். உங்கள் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்ணாக இருக்க வேண்டும்.

இருளில் தவிக்கும் கண்கள் என்கிற மாதிரிப் படமும் வாசகமும் வேண்டாம். பரிதாபம் ஒருமுறை காசு தரும். அதே படத்தைப் பார்த்த முதலாளி உங்கள் உறுப்பினருக்கு வேலை தரமாட்டார்.

சிறிய சந்தாதாரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிறுத்த அழைப்பவரிடம் மூன்று வழி வையுங்கள்: பாதியாகக் குறைப்பது, ஆறு மாதம் இடைவெளி, முழுதாக நிறுத்துவது. இடைவெளி கேட்டவரின் தேதியைக் குறித்து வைத்து அந்த மாதம் அழையுங்கள். செலவைக் குறைக்கிறேன் என்று நன்றிக் கடிதம் எழுதுபவரை முதலில் வேலையை விட்டு எடுக்கும் நிறுவனங்கள் அடுத்த ஆண்டு இன்னும் கீழே போகின்றன. உயில் வழி வரும் கொடையை, சொத்து உங்கள் பெயருக்கு வரும்வரை கணக்கில் எழுதாதீர்கள். வீடு, நிலம் விலை இறங்கும் காலத்தில் அது தாமதமாகவும் குறைவாகவும் வரும்.

கேள்வி: ஊழியர்களில் சிலரை அனுப்பியே ஆக வேண்டிய நிலை. பார்வையற்ற ஊழியர்கள் வேகம் குறைவு என்று ஒரு பேச்சு இருக்கிறது.

பதில்: அந்த அளவுகோலைத் தொடாதீர்கள். அறத்துக்கும் ஒவ்வாது, பல நாடுகளில் சட்டத்துக்கும் ஒவ்வாது. வேகம் குறைவதற்குப் படிக்க முடியாத மென்பொருளே காரணமாக இருக்கலாம். முதலில் எல்லாருக்கும் வேலை நேரக் குறைப்பு, நிரப்பாத இடங்களை அப்படியே விடுவது, மேல்மட்டச் சம்பளக் குறைப்பு. அதற்குப் பிறகும் வேண்டியிருந்தால், எந்த வேலை நிற்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள், யார் என்பதை வைத்து அல்ல. பார்வையற்றவர் ஒருவர் வேலை இழந்தால் அடுத்த வேலை கிடைப்பது மற்றவரைவிடக் கடினம். ஆகவே செய்தியைச் சட்டம் சொல்லும் காலத்துக்கும் முன்பே சொல்லுங்கள்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் வேறு நிறுவனத்தோடு இணைவதையோ மூடுவதையோ யோசிக்க வேண்டும்?

பதில்: இன்றே ஒரு எண் எழுதி வையுங்கள்: மூடுவதற்கு ஆகும் செலவு. ஊழியருக்கு அறிவிப்புக் காலச் சம்பளமும் பணிக்கொடையும், வாடகை ஒப்பந்தத்தின் மீதி, செலவழிக்காத மானியத்தைத் திருப்புவது, கடைசித் தணிக்கை, ஆவணங்களை ஒப்படைப்பது. நிபந்தனையற்ற கையிருப்பு இந்த எண்ணின் ஒன்றரை மடங்குக்கு வந்த வாரமே குழு கூட வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். எண்ணை எட்டிய பிறகு கூடினால் கடன் வைத்துவிட்டுத்தான் மூட முடியும்.

இணைவது என்றால் கையில் பணம் இருக்கும்போதே பேசுங்கள். அப்போதுதான் நடமாட்டப் பயிற்சியையும் குழந்தைகளின் பிரெயிலையும் தொடர வேண்டும் என்று நிபந்தனை வைக்க முடியும். முழு இணைப்புக்கு முன் ஒரே கணக்கர், ஒரே வண்டி, ஒரே பிரெயில் இயந்திரம் என்று பகிர்ந்து பாருங்கள். யார் எத்தனை மணி பயன்படுத்துவது, பழுதானால் யார் செலவு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையில் விட்டால் முதல் பழுதிலேயே சண்டை வரும்.

முடிவு எதுவானாலும் உறுப்பினர்களுக்கு அவர்கள் படிக்கும் வடிவில் சொல்லுங்கள். வாசலில் ஒட்டிய தாள் அவர்களுக்கு அறிவிப்பே அல்ல. பிரெயில் வாசிப்பவருக்குப் பிரெயில், கொஞ்சம் பார்வை உள்ளவருக்கு 16 பாயிண்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அளவு எழுத்தில், மற்றவருக்குத் தொலைபேசி அல்லது ஒலிக்கோப்பு. யாருக்கு எது என்று பதிவேட்டில் ஒரு பத்தி இல்லை என்றால் இந்த வாரமே கேட்டு நிரப்பிவிடுங்கள். பயிற்சிப் பதிவுகளை வேறு நிறுவனத்துக்குக் கொடுப்பதற்கு ஒவ்வொருவரின் ஒப்புதலும் வேண்டும். அலுவலகம் திறந்திருக்கும்போதே வாங்குங்கள். பழைய தொலைபேசி எண்ணைக் குறைந்தது ஆறு மாதம் உயிரோடு வைத்து, இனி எங்கே அழைப்பது என்று குரலில் சொல்ல விடுங்கள். பலர் அந்த எண்ணை மனப்பாடமாகத்தான் வைத்திருப்பார்கள்.